கறுப்பு மணலும் வெள்ளைக் கிரீமும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுப்பு. குளச்சலிலிருந்து மண்டைக்காடு வழியாகக் கரையோடு நடந்து வந்தால், அலை ஏறி இறங்கும் வரியெல்லாம் கறுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். உச்சி வெயிலில் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாது. 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்து காஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. மணலுக்குக் கறுப்பு நிறம் தரும் இல்மனைட்டை அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. வெள்ளைப் பெயின்ட்டில் ஈயத்துக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடு போடலாம் என்று ஆனபிறகுதான் அதற்கு விலை வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தைக்குப் போன இல்மனைட்டில் பெரும்பங்கு எங்கள் திருவிதாங்கூர்க் கரையிலிருந்து போனதுதான்.

இல்மனைட்டில் இருப்பது இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன். கந்தக அமிலத்தில் அதைக் கரைத்து, இரும்பை அன்னபேதியாகப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தைப் பக்குவப்படுத்திச் சுட்டால் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பொடி கிடைக்கும். சுவருக்கு அடிக்கும் பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக் வாளி, பற்பசை எல்லாவற்றிலும் அது உண்டு. வெயிலுக்காக முகத்தில் பூசும் கிரீமிலும் உண்டு. என் அப்பா அந்த மணல் ஆலையில் வேலை பார்த்தவர். நான் நாகர்கோவிலில் வேதியியல் படித்துவிட்டு, சென்னைப் புறநகரில் ஒரு கிரீம் கம்பெனியின் லேபில் சேர்ந்தேன். ஊர் மணலிலிருந்து எடுத்த வெள்ளையை ஊர்க்காரர்களின் தோலில் வெள்ளையாகத் தெரியாமல் பூசுவது எப்படி என்பதே பிற்பாடு என் பிழைப்பாயிற்று.

தொழிலில் இதை ‘ஒயிட் காஸ்ட்’ என்போம். கடைக்கு வருகிறவர்கள் ‘சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு’ என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் துல்லியம். இந்தச் சுண்ணாம்பு எப்படி வந்தது, ஏன் இவ்வளவு காலம் போகவில்லை என்று யோசித்தால், வேதியியல் பாதி காரணம்தான். யாருடைய தோலில் வைத்துப் பார்த்தார்கள் என்பது மீதி.

வெயிலுக்குப் பூசியது வெளியே தெரியக்கூடாது என்பது பழைய ஆசை இல்லை. பர்மாவில் தனக்கா மரத்தின் பட்டையை வட்டக் கல்லில் நீர் விட்டு உரைத்துக் கன்னத்தில் வட்டமாகவோ இலை வடிவிலோ பூசுகிறார்கள். நம் விளாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தில் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன். பாட்டி போனபின் அதில் இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தார்கள். போர்னியோவின் சபா கரையில் கடலோடு வாழும் பஜாவ் பெண்கள் அரிசிமாவுக் குழைவை முகம் முழுக்க அப்பிக்கொண்டு படகில் போவார்கள். நமீபியாவின் ஹிம்பா பெண்கள் காவிக்கல் பொடியை வெண்ணெயில் குழைத்து உச்சி முதல் பாதம் வரை பூசுவார்கள். அந்தக் காவி புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்று பிற்காலத்தில் அளந்தும் பார்த்தார்கள். இவர்களில் யாருக்கும் பூச்சு தெரிவது குறை இல்லை, தெரிவதுதான் அழகு. நம் வீடுகளிலும் மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். மஞ்சள் வெயிலுக்கான பூச்சு இல்லை என்பது வேறு விஷயம்.

விஞ்ஞானம் இந்தக் கதைக்குள் நுழைவது ஒரு கறுப்புக் கையும் ஒரு வெள்ளைக் கையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் நீட்டப்பட்டபோது. லண்டன் அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோமுக்கு ஒரு குழப்பம். கறுப்பு நிறம் சூட்டை அதிகம் வாங்கும்; அப்படியென்றால் கறுப்புத் தோல் அதிகமாக அல்லவா வேக வேண்டும்? 1820இல் தன் கையின் புறத்தை வெயிலில் காட்டினார், கொப்புளம் வந்தது. ஒரு கறுப்பின மனிதரின் கையை அதே மாதிரி காட்டச் சொன்னார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தன் ஒரு கையைக் கறுப்புத் துணியால் மூடி, இன்னொன்றைத் திறந்து வைத்தார். வெப்பமானியில் மூடிய கைக்குத்தான் சூடு அதிகம், ஆனால் புண்ணானது திறந்த கை. எரிப்பது சூடு இல்லை, வெளிச்சத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்பதுவரை வந்துவிட்டு, 1821இல் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதினார். அந்த வேறு ஏதோவை யேனா நகரத்தில் ரிட்டர் என்ற இளைஞர் 1801லேயே ஊதாவுக்கு அப்பால் வெள்ளிக் குளோரைடு கறுப்பதை வைத்துக் கண்டுபிடித்திருந்தார். தோலைச் சிவக்க வைப்பது அதில் ஒரு குறுகிய பட்டைதான் என்று ஜெர்மனியின் ஹவுசரும் வாலேயும் அளந்து சொல்வதற்கு 1922 ஆகிவிட்டது.

ஹோம் செய்த சோதனையில் கறுப்புத் தோல் கேள்வியின் நடுவில் இருந்தது. அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் இந்தத் தொழிலில் அது எங்கேயும் இல்லை.

வெயில் கிரீம் சரக்காக மாறியது வெள்ளைக்காரர்கள் வெயிலைத் தேடிப் போக ஆரம்பித்த பிறகு. 1936இல் பிரான்சில் தொழிலாளர்களுக்கு முதல்முறையாகச் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது. அதையொட்டிய காலத்தில்தான் லோரியால் நிறுவனர் யூஜின் ஷூல்லேர் ‘ஆம்ப்ர் சொலேர்’ என்ற எண்ணெயைக் கடைக்குக் கொண்டுவந்தார். கடற்கரைக்குப் போகும் கூட்டம் வாங்கியது. ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிரைட்டர் பிட்ஸ் புயின் மலையில் ஏறி வெந்துபோய், அந்த அனுபவத்தில் 1946இல் பனிமலைக்காரர்களுக்கு ஒரு கிரீம் செய்தார் என்பார்கள். பசிபிக் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது மாட்டு வைத்தியத்துக்கு வைத்திருந்த சிவப்புப் பெட்ரோலியம் ஜெல்லி. பிசுக்குப் பிடித்த, துணியில் ஒட்டும் சங்கதி. மயாமி மருந்துக்கடைக்காரர் பெஞ்சமின் கிரீன் அதைக் கோகோ வெண்ணெயோடு கலந்து மென்மையாக்கியதிலிருந்து வந்ததுதான் காப்பர்டோன். அந்தப் பெயரைக் கவனியுங்கள்: செம்பு நிறம். அங்கே வெயில் கிரீம் விற்றது கறுப்பாவதற்கு. சுடாமல், புண்ணாகாமல், பதமாகக் கறுப்பாவதற்கு.

நம் ஊரில் அதே ஆண்டுகளில் விற்றது நேரெதிர். பரோஸ் வெல்கம் கம்பெனி 1892இல் ‘ஹேஸ்லின் ஸ்நோ’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஸ்டியரிக் அமிலத்தில் கொஞ்சத்தைக் காரத்தால் சோப்பாக்கி, நீரில் அடித்து, முத்துப் பளபளப்போடு எடுக்கும் கிரீம். தேய்த்தால் மறைந்துவிடும், அதனால் அந்த வகைக்கே ‘வேனிஷிங் கிரீம்’ என்று பெயர். பம்பாயில் பட்டன்வாலா 1919இல் ‘ஆப்கான் ஸ்நோ’ செய்தார். தமிழ்நாட்டு வீட்டுக் கண்ணாடி முன்னால் ‘ஸ்நோ பவுடர்’ என்பது ஒரே சொல்லாகவே ஆகிவிட்டது. ஸ்நோ மறைந்துவிடும், அதன்மேல் போடும் பவுடர் மறையாது, மறையவும் கூடாது. கல்யாணப் போட்டோக்களில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக நிற்கும் எங்கள் அத்தைமார்கள் யாரும் அதைக் கோளாறாக எண்ணவில்லை. ‘எடுப்பா இருக்கு’ என்றுதான் சொன்னார்கள்.

1975இல் அந்த வேனிஷிங் கிரீமின் அடித்தளத்தில் நியாசினமைடும் வெயில் தடுப்பானும் சேர்ந்து ‘ஃபேர் அண்ட் லவ்லி’ வந்தது. நம்மில் பெரும்பாலானோர் முதன்முதலில் பூசிய வெயில் தடுப்பு அதுதான், பூசியவருக்கே தெரியாமல். 2020இல் பெயரில் இருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. நான் லேபில் சேர்ந்த புதிதில், ஒரு வெயில் கிரீம் மாதிரியைக் கொண்டுபோய், ‘கறுத்த தோலில் வெள்ளையாகத் தெரிகிறது’ என்று குறை சொன்னேன். மேலாளர் சிரித்தார். ‘என்னம்மா, அது தெரிஞ்சாத்தானே வாங்குவான்! உடனே வெளுப்பு காட்டுதுன்னு நெனப்பான்.’ அவர் சொன்னதில் வியாபாரம் இருந்தது. இன்றைக்குக் கொரியாவிலிருந்து வரும் ‘டோன்-அப்’ கிரீம்களில் அதே டைட்டானியத்தை வேண்டுமென்றே கூட்டிப் போட்டிருக்கிறார்கள். பெயரும் டப்பாவும் அழகு. உள்ளே மேலாளர் சொன்னதுதான்.

எங்கள் ஊர்ப் பையன்கள் இந்த வெள்ளையை ஒரே ஒரு காலம் ஆசைப்பட்டுப் பூசினார்கள். 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்க அணி கல்கத்தாவில் ஆடியது. தடை நீங்கி அவர்கள் விளையாடிய முதல் ஒருநாள் ஆட்டம். ஆலன் டொனால்டு கன்னத்தில் துத்தநாகக் கிரீமைப் பட்டையாகத் தீட்டிக்கொண்டு ஓடி வந்து ஐந்து விக்கெட் எடுத்தார். அடுத்த சில மாதங்களில் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை, அங்கேயும் மூக்கில் வெள்ளை. எங்கள் தெருவில் வேகமாகப் பந்து போட நினைத்தவனெல்லாம் அம்மாவின் பற்பசையை மூக்கில் தடவிக்கொண்டு வந்தான். எரிச்சல் தாங்காமல் ரெண்டாவது ஓவரில் பம்புக்கு ஓடுவான். ஆஸ்திரேலியாவில் அந்தத் துத்தநாகம் வெறும் ஸ்டைல் இல்லை. வெள்ளைத் தோலுக்குப் பொருந்தாத வெயிலில் குடியேறிய மக்களுக்குத் தோல் புற்றுநோய் வீட்டுக்கு வீடு வந்த நாடு அது. 1981இல் விக்டோரியாவின் புற்றுநோய்ச் சங்கம் ஒரு கடற்பறவைப் பொம்மையை ஆட வைத்து, சட்டை போடு, கிரீம் தடவு, தொப்பி வை என்று நாடு முழுக்கப் பாட்டாகவே சொல்ல வைத்தது. மூக்கில் கெட்டியாகத் தெரியும் துத்தநாகம் அங்கே புத்திசாலித்தனத்தின் அடையாளம்.

இனி அளவுகோலுக்கு வருவோம். குறை அங்கேதான் வேரோடியிருக்கிறது. எஸ்.பி.எஃப். என்ற எண்ணை 1974இல் பரப்பியவர் அதே மலையேறி கிரைட்டர். அவருக்கு முன்பே 1956இல் ஷுல்ஸே என்பவர் அந்த யோசனையைச் சொல்லியிருந்தார். 1978இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. தான் முன்மொழிந்த விதிக்குள் அதைக் கொண்டுவந்தது. முறை எளிது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் கிரீம் பூசி விளக்கு காட்டுவார்கள். தோல் சிவக்க எவ்வளவு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். சிவப்பு தெரிய வேண்டுமென்றால் தோல் வெளுப்பாக இருக்க வேண்டும். அதனால் சோதனைக்கு உட்காருகிறவர்கள் சுலபமாகச் சிவக்கும் முதல் மூன்று வகைத் தோல்காரர்கள் மட்டும். அந்த வகைப்பாட்டையும் ஹார்வர்டு மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் செய்தது, சொரியாசிஸ் நோயாளிகளுக்கு ஒளிச் சிகிச்சையில் எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று கணக்கிட. முதலில் அது வெள்ளைத் தோலுக்கான பட்டியல்தான். பழுப்பும் கறுப்பும் பிற்பாடு கடைசியில் ஒட்டப்பட்டவை.

சிவப்பை அளந்ததால் வெள்ளைத் தோலில் பூசினார்கள். பூசிய தோலில் வெள்ளை படிந்தது தெரியவில்லை. தெரியாததால் கிரீம் ‘மறைந்துவிடுகிறது’ என்று டப்பாவில் அச்சாயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம். பொய் சொல்லியிருந்தால் பிடித்திருக்கலாம்.

1979இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கறுப்புத் தோலின் மேல்தோல் தானாகவே சராசரியாக 13.4 மடங்கு காப்புத் தருகிறது, வெள்ளைத் தோல் 3.4 மடங்கு என்று அதில் கணக்கு இருந்தது. அந்த ஆய்வாளர்களில் ஒருவர் ஆல்பர்ட் கிளிக்மன். அதே ஊரின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளின் முதுகில், 1974 வரை விதவிதமான ரசாயனங்களைப் பூசிச் சோதித்தவர். தோலியல் சரித்திரத்தில் அது ஒரு வெட்கக்கேடு. சோதனைக்குக் கறுப்புத் தோல் வேண்டியிருந்தது. சரக்கு விற்பதற்கு வேண்டியிருக்கவில்லை. 13.4 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, ‘அவர்களுக்கு இது தேவையே இல்லை’ என்று தொழில் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டது.

தேவையா இல்லையா என்பதில் எனக்கும் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம் நிறத்தில் அரிது. அதைச் சொல்லிப் பயமுறுத்தி கிரீம் விற்பது எனக்கு ஒப்பாது. ஆனால் கன்னத்தில் படரும் மங்கு, பரு ஆறியபின் நிற்கும் கறுப்புத் தழும்பு, லூபஸ் உள்ளவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள், டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் — இவர்களுக்கெல்லாம் நிஜமாகவே வேண்டும். வேண்டியவர்கள் கடைக்குப் போய் ஒரு டியூப் வாங்கி, சாம்பல் நிறத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் பட்டாணி அளவு மட்டும் பூசுகிறார்கள். எஸ்.பி.எஃப். எண் தடிமனாகப் பூசினால்தான் கிடைக்கும். மெலிசாகத் தடவினால் 50 என்று எழுதியது ஐம்பதாக வேலை செய்யாது. வெள்ளை படிவது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை என்று நான் லேபில் கத்திக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம்.

ஏன் படிகிறது? ஒளியை வளைப்பதில் வெள்ளைப் பொடிகளிலேயே டைட்டானியம் டை ஆக்சைடுதான் கெட்டிக்காரன். அதன் ஒளிவிலகல் எண் 2.7ஐ எட்டும். துத்தநாக ஆக்சைடுக்கு 2 சொச்சம், அதனால் அது கொஞ்சம் அடக்கம். பெயின்ட்டில் போடும் துகளை 200 முதல் 300 நானோமீட்டர் அளவில் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்க அதுதான் வாகான அளவு. சுவருக்கு அது நல்லது, முகத்துக்கு ஆகாது. 1990களில் துகளை 100 நானோமீட்டருக்குக் கீழே இறக்கினார்கள். அப்போதுதான் ‘கண்ணுக்குத் தெரியாத துத்தநாகம்’ என்ற விளம்பரம் வந்தது. வெள்ளைத் தோலில் உண்மையாகவே தெரியவில்லை. எங்கள் முகத்தில் வெள்ளை போய் ஊதா கலந்த சாம்பல் வந்தது. சிறிய துகள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். பின்னணி வெளுப்பாக இருந்தால் அந்த நீலம் அதில் கரைந்துவிடும், கறுப்பாக இருந்தால் எடுத்துக் காட்டும். இருட்டான அடுக்களை வாசலில் விறகுப் புகை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். கிரீம் ஒன்றுதான், பூசிய தோல்தான் வேறு.

போதாக்குறைக்குத் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். காலையில் மூன்று ரோலர் மில்லில் அரைத்துப் பட்டாக எடுத்த கலவை, டியூபில் அடைத்துப் பாண்டிச்சேரி வெயிலில் ஒரு லாரியில் நின்றால் உள்ளே திரள ஆரம்பிக்கும். அதனால் துகளுக்குச் சிலிகாவாலோ சிலிகோனாலோ மேல்பூச்சுக் கொடுப்போம். இன்னொரு சங்கதி, லேபுக்கு வெளியே யாரும் சொல்வதில்லை: மாதிரி கிரீமை முதலில் நாங்கள் பூசிப் பார்ப்பது முன்கையின் உள்பக்கம். முழுக்கை ரவிக்கையும் சட்டையும் மறைக்கிற இடம். உடம்பிலேயே வெளுத்த இடங்களில் ஒன்று. அங்கே தேறிய கிரீம் நெற்றியில் தோற்கும். எங்கள் லேபில் நாலு பெண்கள் இருந்தோம், நாலு நிறம். நெற்றியிலும் தாடையோரத்திலும் பூசிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்ப்போம். செக்யூரிட்டி அண்ணன், ‘என்ன மேடம், கூத்துக் கட்டப் போறீங்களா?’ என்று கேட்பார்.

ஒளியை உறிஞ்சும் கரிம மூலக்கூறுகள் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி. எண்ணெயில் கரைந்துவிடுவதால் அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தோலிலும் தெரியாது. அவோபென்சோன் 1970களிலேயே வந்துவிட்டது. வெயிலிலேயே சிதைந்துபோகும் குணம் அதற்கு, துணைக்கு ஆள் வேண்டும். பெமோட்ரிசினால் போன்ற உறுதியானவை ஐரோப்பாவில் 2000 வாக்கில் புழக்கத்துக்கு வந்தன. (கனிமப் பொடி ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது என்று இன்னமும் டப்பாவில் எழுதுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் உறிஞ்சத்தான் செய்கிறது.) பிறகு காற்று மாறியது. ஹவாய் மாநிலம் பவளப்பாறைகளைக் காக்க வேண்டும் என்று ஆக்சிபென்சோனையும் ஆக்டினாக்சேட்டையும் 2018இல் சட்டம் போட்டுத் தடுத்தது. கரிமத் தடுப்பான்கள் ரத்தத்தில் சேருமோ என்ற கேள்வி எழ, 2019இல் எஃப்.டி.ஏ. போதிய ஆதாரம் உள்ளவை என்று முன்மொழிந்தது துத்தநாகத்தையும் டைட்டானியத்தையும் மட்டும். ‘இயற்கை’, ‘கனிமம்’ என்று அங்காடி முழுக்கத் திரும்பியது. அதாவது, கறுத்த முகத்தில் மிக மோசமாகத் தெரியும் இரண்டு பொடிகளுக்கும் மறுபடி நல்ல காலம்.

இதற்குள் வாங்குகிறவர்கள் பொறுமை இழந்திருந்தார்கள். மயாமியில் ஷான்டே லண்டி என்ற கறுப்பினப் பெண் 2016இல் ‘பிளாக் கேர்ள் சன்ஸ்கிரீன்’ என்று தன் கம்பெனிக்கே பெயர் வைத்தார். முதல் சரக்கே கரிமத் தடுப்பான்கள்; வெள்ளை படியாது என்பதுதான் அதன் முதல் வாக்கு. ஒரு கிரீமின் பெயரில் ‘ஃபேர்’ இருந்து நாம் பார்த்திருக்கிறோம். இது வேறு கதை.

ஆனால் முழுக்க மறைந்துவிடும் கிரீமிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது தெரிய 2010 ஆயிற்று. டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் தோலின்மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். கறுத்த தோல் இன்னும் கறுத்தது, பல நாள் நின்றது. வெளுத்த தோலில் ஒன்றும் ஆகவில்லை. மங்கு ஏன் எஸ்.பி.எஃப். 50 பூசியும் போகமாட்டேன் என்கிறது என்பதற்கு ஒரு விடை கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க வேண்டுமென்றால், தடுக்கும் பொருள் கண்ணுக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும். கண்ணாடிபோல் இருந்துகொண்டு வெளிச்சத்தை மறிக்க முடியாது. தெரிய வேண்டும், ஆனால் தோலின் நிறத்திலேயே தெரிய வேண்டும். அதைச் செய்யும் பொருள் அயர்ன் ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று உண்டு. ஹிம்பா பெண்கள் வெண்ணெயில் குழைக்கும் காவியும் அதுதான். காலமைன் லோஷனின் ரோஜா நிறமும் அதில் ஒரு துளிதான்.

அன்னபேதியைச் சுட்டால் செந்நிற அயர்ன் ஆக்சைடு கிடைக்கும். என் அப்பாவின் ஆலையிலிருந்து போன மணலில் இரும்பைப் பிரித்து அன்னபேதியாக ஒதுக்கி, வெள்ளையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கறுத்த முகத்துக்கு அந்த வெள்ளை ஒத்துவர வேண்டுமென்றால் ஒதுக்கிய இரும்பை மறுபடி கலக்க வேண்டும். இதை நான் லேபில் எடை போட்டுக் கலக்கும்போது சிரிப்பாக வரும். மணல் முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

என் அண்ணன் மகள் ஃபோனில் ‘எது வாங்கட்டும் அத்தை?’ என்று கேட்டால் பிராண்டு சொல்லமாட்டேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படி என்பேன். துத்தநாகமோ டைட்டானியமோ இருந்து, அயர்ன் ஆக்சைடோ சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களோ இல்லாவிட்டால், உன் நிறத்துக்கு அது தெரியும், வைத்துவிடு. இந்த இரண்டு பொடியும் இல்லாமல் வாய்க்குள் நுழையாத நீளப் பெயர்களாக இருந்தால் பெரும்பாலும் தெரியாது. மெதிலீன் பிஸ் பென்சோட்ரையசோலில் என்று தொடங்குவது ஒரு விலக்கு: அது கரிமம்தான், ஆனால் துகளாக இருப்பதால் வெளுக்கும். மங்கு இருந்தால் இரும்பு போட்ட ‘டின்டட்’ வகைதான் வேண்டும். அதில் நம் கடைகளில் ஒரே ஒரு நிறத்தைச் செய்து ‘எல்லாத் தோலுக்கும்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த எல்லாத் தோலும் கோதுமை நிறம். சிவப்பைக் கூட்டி, மஞ்சளையும் கறுப்பையும் குறைத்துக் கலந்தது. நம் நிறத்துக்கு அது செங்கல் பூசியதுபோல் ஆகும். கடையில் டெஸ்டர் இருந்தால் தாடையோரத்தில் இரண்டு விரல் அகலம் பூசு, டியூப்லைட் அடியில் நிற்காமல் வாசலுக்கு வா, பத்து நிமிஷம் பொறு. நீர் உலர்ந்து துகள் படிந்த பிறகுதான் அதன் நிஜ முகம் தெரியும். பூசும் அளவு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்தது, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. அவ்வளவு பூசியும் தெரியவில்லையென்றால் வாங்கு.

நான் நல்லதென்று நம்பும் ஒரு டின்டட் டியூபை, குளச்சலில் வள்ளத்தில் போகும் சித்தி மகனுக்குப் போன கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தேன். அவன் கையில் பூசிப் பார்த்தேன். அச்சு அசல் அவன் நிறம், பூசிய இடம் தெரியவில்லை. எனக்குப் பெருமை. ஈஸ்டருக்குப் போனபோது டியூப் அப்படியே இருந்தது. ‘எக்கா, தப்பா நெனைக்காதுங்க. கடல்ல போகும்போ இத பூசினேனா பூசல்லியான்னு எனக்கே தெரியமாட்டேங்குது. அந்த வெள்ளைக்காரன் மூக்குல பூசுவானே, அது இருந்தா கொண்டுவாருங்க. காதுல பூச விட்டுப்போச்சுன்னா கூட வாறவன் பாத்துச் சொல்லுவான்லா?’